வெள்ளத்தில் சிக்கிய காட்டு விலங்கு: எதைத் தொடலாம், எதை விட்டுவிட வேண்டும்?

மோர்தானா அணை நிரம்பிக் கவுண்டன்யா ஆற்றில் தண்ணீர் வரும்போதெல்லாம் குடியாத்தத்துக்கு அருகே உள்ள உங்கள் தெருவுக்குள் பாம்பும் உடும்பும் வந்துவிடுகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். சென்ற மழையில் கரும்புக் கொல்லையில் கிடைத்த காட்டுப்பூனைக் குட்டிக்குப் பசும்பால் கொடுத்து வைத்திருந்தும் அது மூன்றாம் நாள் இறந்துவிட்டது என்றும் சொல்கிறீர்கள். ஊர் இளைஞர்கள் சேர்ந்து ஒரு மீட்பு மையம் தொடங்க என்னென்ன வேண்டும் என்பது கேள்வி. ஆனால் அதற்கு முன்னால் பதில் வேண்டியது இன்னொன்று இருக்கிறது: எந்த விலங்கைத் தொட வேண்டும், எதைத் தொடக் கூடாது, தொட்டுவிட்டால் அடுத்த சில மணி நேரம் என்ன செய்வது? அதை முதலில் எழுதுகிறேன். மையத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

நான் பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் அரசுக் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன். அன்றாட வேலை மாடும் ஆடும்தான். வனத்துறைக்கு எல்லா ஊரிலும் தனி மருத்துவர் கிடையாது; கிணற்றில் விழுந்த மான், நாய் கடித்த மயில், வலையில் மாட்டிய மலைப்பாம்பு என்று வனச்சரக அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தால் பக்கத்தில் இருக்கும் கால்நடை மருத்துவர்தான் போக வேண்டும். கல்லூரியில் படித்தது பாதி, இப்படிப் போய்க் கற்றது பாதி. பாம்பு பிடிக்க எனக்குத் தெரியாது. யானையைப் பற்றிப் பேசவும் தகுதியில்லை. ஆந்திரத்துக் கவுண்டன்யா சரணாலயத்திலிருந்து உங்கள் பக்கம் யானைகள் வந்துபோவதால் இதையும் குறிப்பிடுகிறேன்: யானை என்றால் எட்ட நின்று வனத்துறைக்குத் தொலைபேசி செய்வதோடு நம் வேலை முடிந்தது.

நம் பக்கத்து வெள்ளம் காவிரி வெள்ளத்தைப் போன்றதல்ல. பாலாறு நந்தி மலைப் பக்கம் பிறந்து, கர்நாடகத்தையும் ஆந்திரத்தையும் கடந்து, வாணியம்பாடிக்கு மேலே தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. மொத்தம் 348 கிலோமீட்டர். அதில் 222 நம்முடையது. ஆண்டில் பெரும்பகுதி வெறும் மணல். பல ஆண்டுகள் தொடர்ந்து தண்ணீரே வராமல் போவதும் உண்டு. அப்போது ஆற்றுக்குள்ளேயே நாணலும் சீமைக்கருவேலமும் அடர்ந்து ஒரு சிறு காடு உருவாகிவிடுகிறது. முயல், கீரி, நரி, காட்டுப்பூனை, உடும்பு, சாரை, விரியன் எல்லாம் அங்கேதான் தங்குகின்றன, வளையிலும் புதரிலும் குட்டி போடுகின்றன, முட்டையிடுகின்றன. மனிதன் அதிகம் வராத, நிழலுள்ள இடம் அவற்றுக்கு வேறு எங்கே இருக்கிறது? பிறகு ஓர் ஐப்பசி, கார்த்திகை இரவில் மேலே ஏரிகள் நிரம்பிக் கோடி வழியாக வழிகின்றன, கானாறுகள் ஒன்றாகச் சேர்கின்றன, அணை வழிகிறது. விடியும்போது கரை முட்டத் தண்ணீர். 2021 நவம்பரில் பாலாறும் பொன்னையாறும் சேர்ந்து காட்டியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆண்டுதோறும் வெள்ளம் வரும் ஆற்றில் விலங்குகள் கரையேறி வாழப் பழகிவிடும். வறண்டே கிடந்து திடீரென்று வரும் ஆற்றில்தான் வளைக்குள் இருக்கும் குட்டிகள் மாட்டிக்கொள்கின்றன.

அப்படியிருந்தும் வளர்ந்த விலங்குகளில் பெரும்பாலானவை தாமாகவே தப்பிவிடும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பாம்புகள் நீந்தும், உடும்பு நன்றாகவே நீந்தும், நரியும் காட்டுப்பூனையும் நீந்தும், மானும் நீந்தும். கரையேறியதும் அவை நின்று மூச்சு வாங்க ஒரு மேடும், அங்கே நாயும் கூட்டமும் இல்லாத சில மணி நேரமும் கிடைத்தால் போதும். அசாமின் காசிரங்காவில் பிரம்மபுத்திரா ஆண்டுதோறும் பூங்காவை மூழ்கடிக்கிறது. அங்கே 2002 முதல் ஒரு மீட்பு, மறுவாழ்வு மையம் இயங்குகிறது. வெள்ளத்தில் தாயைப் பிரிந்த காண்டாமிருகக் கன்றுகளை வளர்த்து மானஸ் தேசியப் பூங்கா வரை கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். செய்திகளில் வருவது இந்தக் கன்றுகள்தான். ஆனால் அங்கே மிகப் பெரும்பாலான விலங்குகள் பிழைப்பது பூங்காவுக்குள் எழுப்பியிருக்கும் மண்மேடுகளில் ஏறியும், நெடுஞ்சாலையைக் கடந்து கார்பி ஆங்லாங் மலைக்குப் போயும்தான். அதற்காகவே வெள்ளக் காலத்தில் அந்தச் சாலையில் வாகனங்களின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள். உங்கள் ஊருக்கும் இதே கணக்குதான். தண்ணீர் ஏறும் இரவில் தெருநாய்களையும் வளர்ப்பு நாய்களையும் ஆற்றங்கரைப் பக்கம் போகவிடாமல் பார்த்துக்கொள்வது, கரையேறி நிற்கும் மானைச் சுற்றிக் கைப்பேசியோடு கூடுபவர்களை விலக்குவது ஆகிய இரண்டையும் உங்கள் இளைஞர்கள் செய்தால், பிடித்துக் காப்பாற்றுவதைவிட அதிக உயிர்கள் தப்பும். வெள்ளத்தை நீந்திக் கடந்த மான் கரையில் நாயிடம் சாவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பாம்புக்கு வருகிறேன். வீட்டுக்குள் வந்த பாம்பு உங்களைத் தேடி வரவில்லை. காய்ந்த இடத்தைத் தேடி வந்திருக்கிறது. குழந்தைகளை வெளியேற்றி, உள்கதவுகளைச் சாத்தி, வெளிக்கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தீயணைப்பு நிலையத்தை அழையுங்கள். ஒருவர் மட்டும் எட்ட நின்று அது எங்கே போகிறது என்று கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கட்டும். பாம்பு கண்ணைவிட்டு மறைந்த பிறகு வரும் தீயணைப்பு வீரர் வீட்டைத் தலைகீழாகப் புரட்ட வேண்டியிருக்கும். பூண்டு, உப்பு, பினாயில் எதுவும் பாம்பைத் தடுக்காது. மண்ணெண்ணெய் ஊற்றினால் அது வேதனையில் எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. காணொளியில் பார்த்துவிட்டு வாலைப் பிடித்துத் தூக்கும் தைரியசாலி உங்கள் ஊரிலும் ஒருவர் இருப்பார்; அவரை அன்று வேறு வேலைக்கு அனுப்பிவிடுங்கள். பாம்பு பிடிப்பதைத் தலைமுறைகளாக அறிந்த இருளர் பழங்குடியினரே அதை எவ்வளவு நிதானமாகச் செய்கிறார்கள் என்பதை மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் போய்ப் பார்க்கலாம். 1978இல் தொடங்கிய அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் எடுக்கும் நஞ்சிலிருந்துதான் நம் மருத்துவமனைகளுக்கு வரும் நஞ்சுமுறி மருந்தின் பெரும்பகுதி தயாராகிறது. அந்தச் சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

வெள்ளக் காலத்தில் நான் மிகவும் அஞ்சுவது கட்டுவிரியனுக்கு. நல்ல பாம்பு படமெடுக்கும், கண்ணாடி விரியன் குக்கர் விசில் போலச் சீறும். கட்டுவிரியன் எந்த எச்சரிக்கையும் தராது. இரவில்தான் நடமாடும், தரையில் படுத்திருப்பவரைத் தூக்கத்தில் கடிக்கும், கடித்த இடத்தில் வீக்கமோ வலியோ பெரும்பாலும் இருக்காது. விடியற்காலையில் வயிற்றுவலி, பிறகு இமை சரிவது, விழுங்க முடியாமல் போவது என்று வரும். பள்ளிக்கூடத்தில் நிவாரண முகாம் போட்டு எல்லாரும் தரையில் பாய் விரித்துப் படுக்கும்போது இந்த ஆபத்து இரட்டிப்பாகிறது. முடிந்தவர்கள் கட்டிலில் படுக்கட்டும். தரையில்தான் என்றால் கொசுவலையின் ஓரங்களைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிவிடுங்கள். கொசுவுக்காகச் செய்வதாக இருந்தாலும் பாம்புக்கும் அது தடுப்பு. கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எந்தப் பாம்பு என்று காட்டுவதற்காக அதைத் துரத்திப் பிடிக்க வேண்டாம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே மருந்துதான் இங்கே கொடுக்கிறார்கள்.

இனி உண்மையிலேயே நம் கை தேவைப்படும் விலங்குகள். நினைவிழந்து தண்ணீரில் மிதந்து வருவது, நாய் கடித்தது, எலும்பு முறிந்தது, நனைந்து நடுங்கி எழ முடியாமல் கிடப்பது: இவ்வளவுதான். தனியாகக் கிடக்கும் குட்டி இந்தப் பட்டியலில் தானாகச் சேர்ந்துவிடாது. முயல் தன் குட்டிகளிடம் நாளுக்கு ஓரிரு முறைதான் வந்து பால் கொடுக்கும். மற்ற நேரம் அவை தனியாகத்தான் இருக்கும். புள்ளிமான் கன்றைப் புதரில் படுக்கவைத்துவிட்டுத் தாய் மேயப் போகும். காட்டுப்பூனை வெள்ளம் வந்தால் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி மேட்டுக்கு மாற்றும். இடையில் மனிதர் வந்துவிட்டால் மிச்சமிருப்பதை விட்டுவிட்டு ஒதுங்கி நின்று பார்க்கும். குட்டி சுறுசுறுப்பாக, உலர்ந்து, கத்திக்கொண்டிருந்தால் கண்டெடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே தண்ணீர் எட்டாத மேட்டில், குட்டி வெளியே வராத, ஆனால் தாய் எட்டி உள்ளே இறங்கக்கூடிய உயரமுள்ள திறந்த பெட்டியில் வைத்துவிட்டு, இரவு முழுக்க எல்லாரும் விலகியிருங்கள். தாய் பெரும்பாலும் இரவில்தான் வரும். மனிதக் கை பட்டால் தாய் ஏற்காது என்ற நம்பிக்கைக்குப் பாலூட்டிகளிலும் பறவைகளிலும் ஆதாரமில்லை. ஓர் எச்சரிக்கை: கரும்புக்குள் கிடைப்பது காட்டுப்பூனைக் குட்டியா சிறுத்தைக் குட்டியா என்று தயக்கம் வந்தால் அந்த இடத்தை விட்டு உடனே வெளியேறி வனத்துறையை அழையுங்கள். சின்னச் சிறுத்தைக் குட்டியின் உடம்பில் புள்ளிகள் மங்கலாகவே இருக்கும், அவற்றை நம்பி முடிவு செய்ய முடியாது. தாய் அருகில் இருக்கும்.

உங்கள் குட்டியைப் பசும்பால் மட்டுமே கொன்றிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பூனை இனத்துக்குப் பசும்பாலில் உள்ள சர்க்கரை சரியாகச் செரிக்காது, வயிற்றுப்போக்கு வரும், உடலில் நீர் வற்றும், இது உறுதி. ஆனால் மழையில் நனைந்த குட்டிக்கு முதல் எதிரி குளிர். உடல் குளிர்ந்திருக்கும்போது குடல் வேலை செய்வதில்லை. அப்போது ஊட்டும் எந்தப் பாலும் வயிற்றில் தேங்கிப் புளிக்கும், அல்லது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஆகவே முதலில் சூடு, பிறகு நீர், கடைசியில்தான் உணவு. துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துண்டில் சுற்றி, அட்டைப்பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி மறுபாதிக்கு நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். பெட்டியை மூடி, காற்றுத் துளை போட்டு, இருட்டாக, சத்தமில்லாத அறையில் வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுங்கள். பாதமும் காதும் வெதுவெதுப்பான பிறகு, தலையைத் தானாகத் தூக்கி விழுங்கும் நிலையில் இருந்தால் மட்டும், வெதுவெதுப்பான உப்புச் சர்க்கரைக் கரைசலைச் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கலாம். அதற்கு மேல் எதையும் மருத்துவர் சொல்லாமல் கொடுக்காதீர்கள். மான் கன்றுக்கும் இதே வரிசைதான். அதைப் படுக்கவைத்துப் புட்டிப்பால் புகட்டக் கூடாது. நின்றபடி கழுத்தை முன்னால் நீட்டிக் குடித்தால்தான் நான்கு அறை இரைப்பையில் பால் சரியான அறைக்குப் போகும்.

வளர்ந்த மான் வேறு கதை. அதைத் துரத்திப் பிடித்துக் கட்டினால், காயம் ஒன்றுமே இல்லாமல், சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ இறந்துபோகலாம். அச்சத்திலும் போராட்டத்திலும் தசைகள் சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைத்துவிடுகிறது. இது வந்த பிறகு குணப்படுத்துவது மிகக் கடினம். வராமல் தடுப்பதுதான் வழி. பிடித்தே ஆக வேண்டும் என்றால் முதலில் கண்ணைத் துணியால் மூடுங்கள், பேசாதீர்கள், தடவிக்கொடுக்காதீர்கள். தடவல் நமக்குத்தான் அன்பு, மானுக்கு அது வேட்டை விலங்கின் கை. “மயக்க ஊசி போட்டால் என்ன?” என்று கரையில் நிற்பவர்கள் எப்போதும் கேட்பார்கள். ஊசி பட்டதும் விலங்கு விழுந்துவிடாது. மருந்து ஏறப் பல நிமிடம் ஆகும், அதற்குள் அது ஓடும். ஓடுவது தண்ணீருக்குள் என்றால் அங்கேயே மயங்கி மூழ்கும். தண்ணீர் ஓரத்தில் ஊசி போட மருத்துவர் மறுத்தால் அவர் சோம்பேறி என்று எண்ணிவிடாதீர்கள்.

நம் மாவட்டங்களில் கைப்பிடிச்சுவர் இல்லாத கழனிக் கிணறுகள் ஏராளம். வெள்ளத்தில் தரையும் கிணறும் ஒரே மட்டமாகத் தெரியும்போது விலங்குகள் விழுந்துவிடுகின்றன. வனத்துறை வரும் வரை அது நீந்திக் களைக்காமல் இருக்க வாழை மரத்தையோ கட்டையையோ இரண்டு மூன்றாகக் கட்டி உள்ளே மிதக்கவிடுங்கள். பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் இருக்கும். பாம்பு, உடும்பு, கீரி போன்றவை என்றால் சாய்வாக ஒரு நீளக் கட்டையைச் சொரசொரப்பான கயிறு சுற்றி இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டால் பெரும்பாலும் தாமே ஏறிவிடும். பறவைகளில் கொக்கு, நாரை வகைகளை எடுக்கும்போது முகத்தைத் தள்ளிவைத்துக்கொள்ளுங்கள். அவை கண்ணைக் குறிவைத்துக் குத்தும். எந்தப் பறவையின் அலகையும் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். ஆமையைக் கண்டவுடன் ஏரியில் விடுவது இன்னொரு பழக்கம். ஓட்டில் மஞ்சள் நட்சத்திரக் கோடுகளும், யானைக்கால் போன்ற தூண் கால்களும் உள்ளது தரை ஆமை. அதற்கு நீந்தத் தெரியாது. அதைத் தண்ணீரில் போட்டால் நீங்களே மூழ்கடித்ததாகும்.

மனிதர்களுக்கு வரும் நோய்களை இந்த ஆர்வத்தில் மறந்துவிடுகிறோம். நரி, கீரி, குரங்கு, காட்டுப்பூனை எது கடித்தாலும், சிறு கீறல் என்றாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ரேபிஸ் தடுப்பூசிக்குப் போங்கள். வழக்கத்துக்கு மாறாகப் பயமில்லாமல் நெருங்கி வரும் நரியோ கீரியோ சாதுவாகிவிட்டது என்று எண்ணக் கூடாது. வௌவாலை வெறுங்கையால் எடுக்கவே வேண்டாம். தேங்கிய நீரில் வெறுங்காலுடன் நடந்தவருக்குச் சில நாட்களில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் எலிக்காய்ச்சல் இருக்கலாம் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். செத்து ஒதுங்கும் உடல்களில் எனக்குத் தனிக் கவலை அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய். வேலூர், சித்தூர் பக்கத்து மண்ணுக்கு இது புதிதல்ல. மண்ணில் பல்லாண்டுகள் உறங்கும் கிருமி பெருமழையில் மேலே வருகிறது. வாய், மூக்கு, ஆசனவாயில் உறையாத கருமையான இரத்தம் கசியும் மாடோ, ஆடோ, மானோ கிடந்தால் கிட்டே போகாதீர்கள், அறுக்காதீர்கள், தோலுரிக்காதீர்கள். கால்நடை மருத்துவரை அழையுங்கள். அறுத்தால்தான் அந்தக் கிருமி காற்றுப்பட்டு வித்தாக மாறி அந்த நிலத்திலேயே தங்கும்.

எங்கே விடுவது என்பதில் மட்டும் நிபுணர்களிடையே இன்னும் விவாதம் இருக்கிறது. எடுத்த இடத்திலேயே, தண்ணீர் வடிந்த பின், அந்த விலங்கு நடமாடும் நேரத்தில் விடுவதே நல்லது என்பதைப் பெரும்பாலானோர் ஒப்புக்கொள்கிறார்கள். எல்லாவற்றையும் ஜவ்வாது மலைப் பக்கத்து அமிர்திக் காட்டில் கொண்டுபோய் விடும் வழக்கத்துக்கு நான் எதிரானவன். தொலைவில் விட்ட பாம்பு தன் இடத்தைத் தேடி அலைந்து, சாலையில் நசுங்கியோ பட்டினியாலோ சாவது அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. ஆற்றங்கரை நரிக்கு ஜவ்வாது மலை அந்நிய நாடு; அங்கே ஏற்கெனவே இருக்கும் விலங்கு அதைச் சும்மா விடாது. கையில் வளர்ந்த குட்டிகள் விட்ட பிறகு எத்தனை பிழைக்கின்றன என்பதற்கு நம்பகமான தொடர் கண்காணிப்பு நம் நாட்டில் மிகக் குறைவு. “விட்டோம், ஓடிவிட்டது” என்ற செய்தியை வெற்றியாக எண்ணுவதில் எனக்கு உடன்பாடில்லை. மனிதரைக் கண்டு பயப்படாமல் வளர்ந்த காட்டுப்பூனை முதலில் போவது கோழிக்கூட்டுக்கு. அங்கேயே அதன் கதை முடியும்.

இப்போது உங்கள் மையம். 1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மீட்பு மையமும் உயிரியல் பூங்கா என்ற வரையறைக்குள் வருகிறது. மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அங்கீகாரம் இல்லாமல் நடத்த முடியாது. காட்டு விலங்கு அரசின் சொத்து. அது உங்கள் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ அதிகாரம் பெற்ற அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும். நல்லெண்ணத்தில் வைத்திருந்தேன் என்பது வழக்கிலிருந்து தப்ப உதவாமல் போகலாம். சட்டத்தை விட்டாலும், தனி அறைகள், நோய்த்தடுப்பு, மருத்துவர், ஆண்டு முழுக்க உணவு என்று ஆகும் செலவை மழைக்கால ஆர்வத்தால் தாங்க முடியாது. ஆகவே மையம் வேண்டாம் என்பதே என் பதில்.

குழு வேண்டும். புரட்டாசியிலேயே வனச்சரக அலுவலகத்துக்குப் போய் உங்கள் பெயர்களைக் கொடுத்து, வனவரின் கைப்பேசி எண்ணை வாங்கிவையுங்கள். வெள்ள இரவில் அலுவலகத் தொலைபேசி யாரும் எடுக்காமல் அடித்துக்கொண்டே இருக்கும். தீயணைப்புக்கு 101, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ், தடித்த தோல் கையுறை, நல்ல டார்ச், துளையிட்ட அட்டைப்பெட்டிகள், பழைய துண்டுகள், கோணிப்பைகள், தேங்காய் நார்க்கயிறு இருந்தால் போதும். ஓடும் தண்ணீரில் யாரும் இறங்கக் கூடாது, எந்த விலங்குக்காகவும். அழைக்கும்போது தெருப் பெயரைவிடப் பக்கத்தில் உள்ள பாலம், கோயில், பம்பு செட்டு எதையாவது அடையாளமாகச் சொல்லுங்கள். எந்தச் சாலை தண்ணீரில் மூழ்கியிருக்கிறது, எந்த வழியாக வண்டி வர முடியும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.